14 மி.மீ.யா, 16 மி.மீ.யா? ஒரே பிக்கிள்பால் மட்டையின் இரண்டு தடிமன்கள்

துளையிட்ட பிளாஸ்டிக் பந்தை வலைக்கு மேலாக மட்டையால் அடித்து ஆடும் பிக்கிள்பாலுக்கு மட்டை வாங்கப் போனால் கடையில் கேட்கப்படும் முதல் கேள்வி, "பவர் வேணுமா சார், கன்ட்ரோல் வேணுமா?" என்பதுதான். பவர் என்று சொன்னால் 14 மி.மீ. மட்டையும், கன்ட்ரோல் என்று சொன்னால் 16 மி.மீ. மட்டையும் அலமாரியிலிருந்து இறங்கிவரும். ஆடத் தொடங்கி இரண்டு மாதமே ஆன ஒருவருக்கு இதற்கு விடை தெரிந்திருக்க வழியில்லை. எனக்கும் தெரியவில்லை. பவர் என்று சொல்லி ஒரு மெல்லிய மட்டையை வாங்கிக்கொண்டு, ஏறக்குறைய ஓராண்டுக் காலம் பந்தைக் கோட்டுக்கு வெளியே அனுப்பிக்கொண்டிருந்தேன். குறை மட்டையிலா என் கையிலா என்பதைக்கூட அப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஏனெனில் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் இன்னொரு மட்டை இல்லை.

அந்த அனுபவத்துக்குப் பிறகு இம்முறை நானும் என் மச்சானும் பணத்தைப் பங்கிட்டுக்கொண்டு, ஆஸ்திரேலிய நிறுவனமான சிக்ஸ் ஸீரோவின் டபுள் பிளாக் டயமண்ட் மட்டையை 14 மி.மீ.யில் ஒன்றும் 16 மி.மீ.யில் ஒன்றுமாக வரவழைத்தோம். அமெரிக்க விலை ஒன்றுக்கு அப்போது 200 டாலருக்குச் சற்று முன்பின்னாக இருந்தது. இங்கே வந்துசேர்வதற்குள் அது இன்னும் ஏறும் என்பதால், இரண்டையும் ஒருவரே வாங்கிப் பார்ப்பது எல்லோராலும் ஆகிற காரியமில்லை. ஒரே மாதிரியில் இரண்டு தடிமன்களை எடுத்ததற்குக் காரணம் உண்டு. நீளம் 16.3 அங்குலம், அகலம் 7.5 அங்குலம், கைப்பிடி 5.5 அங்குலம், பந்து படும் முகத்தில் சொரசொரப்பான டி700 கார்பன் ஃபைபர், ஓரத்தைச் சுற்றி உள்ளே செலுத்தப்பட்ட நுரை என மற்ற எல்லாமே இரண்டிலும் ஒன்றாக இருக்கும்போதுதான், கையில் தெரியும் வேறுபாட்டைத் தடிமனின் கணக்கில் எழுத முடியும். வேறு வேறு நிறுவனங்களின் 14-ஐயும் 16-ஐயும் அடுத்தடுத்து ஆடிப்பார்த்து முடிவு சொல்பவர்கள், தடிமனோடு சேர்த்து வடிவத்தையும் எடையையும் முகத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

தடிமன் என்று இங்கே சொல்லப்படுவது இரண்டு முகத்தகடுகளுக்கும் நடுவில் இருக்கும் கோரின் கனத்தை. 1965-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள பெயின்பிரிட்ஜ் தீவில் இந்த ஆட்டம் பிறந்தபோது கோர் என்ற ஒன்றே கிடையாது. ஒட்டுப்பலகையில் அறுத்தெடுத்த மட்டைகளைக் கொண்டே ஆடினார்கள். 1984-இல் ஆர்லன் பராண்டோ என்ற போயிங் பொறியாளர், விமானத்தின் தரைப்பகுதிக்குப் பயன்படும் தேன்கூட்டுப் பலகையைக் கொண்டு மட்டை செய்தார். எடை குறைந்தும் விறைப்பு குறையாமலும் இருந்த அந்த அமைப்பே இன்றைய பெரும்பாலான மட்டைகளுக்கு மூலம். அன்று நோமெக்ஸ் என்ற காகிதம் போன்ற பொருளில் இருந்த தேன்கூடு, இன்று பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கில் இருக்கிறது. அறுகோணக் கண்ணறைகள் முகத்துக்குச் செங்குத்தாக, கிணறு கிணறாக நிற்கும். 16 மி.மீ. மட்டையில் அந்தக் கிணறுகள் 2 மி.மீ. ஆழம் கூடுதல்; வேறுபாடு அவ்வளவுதான்.

விதிகளில் தடிமனுக்கு வரம்பே இல்லை என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். நீளமும் அகலமும் சேர்ந்து 24 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, நீளம் மட்டும் 17 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, முகத்தின் சொரசொரப்புக்கு ஓர் எல்லை உண்டு என்றெல்லாம் கறாராகச் சொல்லும், அமெரிக்காவில் இந்த ஆட்டத்தை நிர்வகிக்கும் யுஎஸ்ஏ பிக்கிள்பால் அமைப்பின் விதிநூல், எடையையும் தடிமனையும் உற்பத்தியாளரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறது. அதனால்தான் சந்தையில் 10 மி.மீ. முதல் 20 மி.மீ. வரை மட்டைகள் கிடைக்கின்றன. செல்கர்க் நிறுவனத்தின் லக்ஸ் கன்ட்ரோல் ஏர் 20 மி.மீ. தடிமனில் வருகிறது. ஆனால் விற்பனையில் நிலைபெற்றுவிட்ட அளவுகள் 14-உம் 16-உமே.

இரண்டு மில்லிமீட்டர் என்பது இரண்டு பத்து ரூபாய் நாணயங்களை அடுக்கிய உயரம்கூட இல்லை. அதற்கு இவ்வளவு பேச்சு எதற்கு என்று கேட்பவர்களுக்குச் சிறு கணக்கு ஒன்று இருக்கிறது. இரு தகடுகளுக்கு நடுவே லேசான பொருளை வைத்துச் செய்யும் பலகையின் விறைப்பு, தகடுகளுக்கு இடைப்பட்ட தூரத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். மற்றவை மாறாமல் கோர் மட்டும் 14-இலிருந்து 16 ஆனால், விறைப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு கூடிவிடும். 13-இலிருந்து 16-க்குப் போனால் ஒன்றரை மடங்காகும். கையில் தெரியாமலிருக்க முடியாத வேறுபாடு இது.

விறைப்பு கூடினால் பந்து இன்னும் வேகமாகப் போக வேண்டும் அல்லவா, பிறகு ஏன் தடித்த மட்டையை மெதுவானது என்கிறார்கள்? நானும் இதில் நெடுநாள் குழம்பினேன். விடை மட்டையில் இல்லை, பந்தில் இருக்கிறது. துளையிட்ட அந்தப் பிளாஸ்டிக் பந்தை 78 அங்குல உயரத்திலிருந்து கருங்கல் பரப்பின் மேல் விட்டால் 30 முதல் 34 அங்குலம் வரை எழ வேண்டும் என்பது விதி. அதாவது, நசுங்கி மீளும் ஒவ்வொரு முறையும் பந்து தன் ஆற்றலில் பாதிக்கு மேல் இழந்துவிடுகிறது. விறைப்பான 16 மி.மீ. மட்டை கருங்கல்லைப் போல விட்டுக்கொடுக்காமல் நிற்பதால், நசுங்கும் வேலை முழுவதும் பந்தின் தலையில் விழுகிறது, இழப்பும் அதிகமாகிறது. 14 மி.மீ. மட்டையின் முகமோ தானும் கொஞ்சம் உள்வாங்கி, வாங்கியதில் பெரும்பகுதியைத் திருப்பித் தள்ளுகிறது. பந்து நசுங்குவது குறைவதால் இழப்பும் குறைகிறது. இதோடு இன்னொன்றும் சேர்கிறது. ஆழமான கண்ணறைச் சுவர்கள் அழுத்தத்துக்குச் சற்று இளகிக் கொடுத்து அதிர்வை உள்ளேயே வாங்கிக்கொள்வதால், தடித்த மட்டையில் அடி மொத்தென்று விழுகிறது. கைக்கு மென்மையாகப் படுகிறது. விறைப்பானதும் மென்மையானதும் ஒரே மட்டையாக இருப்பது இப்படித்தான்.

இரண்டு மட்டைகளையும் சுமார் மூன்று வாரம், பெரும்பாலும் மாலை நேரத்தில், கடற்கரைக்கு அருகில் உள்ள ஒரு மொட்டைமாடி கோர்ட்டில், 40 துளைகள் உள்ள வெளிப்புறப் பந்தைக் கொண்டு ஆடிப்பார்த்தோம். நான் முதலில் சோதித்தது தேர்ட் ஷாட் டிராப். சர்வீஸுக்கு எதிரணி திருப்பிய பந்தை, பின்கோட்டருகே நின்றுகொண்டு, 22 அடி தொலைவில் நடுவில் 34 அங்குல உயரம் உள்ள வலையைத் தாண்டி, அதற்கு அப்பால் வலையை ஒட்டி 7 அடி மட்டுமே ஆழமுள்ள, கிச்சன் எனப்படும் பட்டைக்குள் அடங்கி விழச் செய்ய வேண்டும். சற்று உயர்ந்தால் எதிரணி அடித்து முடித்துவிடும். சற்று தாழ்ந்தால் வலை. இந்த ஆட்டத்தில் ஒருவர் தேறிவிட்டாரா இல்லையா என்பதை இந்த ஒரு அடியே காட்டிக்கொடுக்கும். அதனால் மட்டையையும் இதில்தான் உரசிப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

16 மி.மீ.யில் டிராப் அடிக்கும்போது, கையை எவ்வளவு தூரம் கொண்டுபோகிறோமோ அவ்வளவு தூரமே பந்து போகிறது. கொஞ்சம் அதிகமாகத் தள்ளிவிட்டோம் என்று அடித்தபின் மனம் பதறினாலும், பெரும்பாலான நேரங்களில் பந்து கிச்சனின் பின்பகுதியிலாவது இறங்கிவிடுகிறது. அதே கையசைவை 14 மி.மீ.யில் செய்தால் பந்து ஓரடி, ஒன்றரையடி கூடுதலாகப் பயணப்படுகிறது. ஏழடிப் பட்டையில் ஒன்றரையடி என்பது சிறிய தொகையன்று. இரண்டாவது வாரத்தின் முடிவில் என் கை 14-க்கும் பழகிவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். கையசைவைச் சுருக்கிக்கொண்டேன், டிராப்புகள் விழத் தொடங்கின. ஆனால் களைத்த நேரத்தில், மூன்றாவது ஆட்டத்தில், எதிரணி பத்துப் புள்ளியில் நிற்கும்போது, பழைய நீண்ட அசைவு தானாகத் திரும்பிவரும். அப்போது 16 பொறுத்துக்கொள்கிறது, 14 பொறுப்பதில்லை.

அடுத்தது ரீசெட். கிச்சன் கோட்டுக்கு வருவதற்குள் வழியிலேயே மாட்டிக்கொண்டு, எதிரணி காலடியில் வேகமாக அடிக்கும் பந்தை வேகம் கெடுத்துக் கிச்சனுக்குள் தட்டிவிடும் வேலை அது. இங்கே மட்டையை அசைக்கவே கூடாது. பிடியைத் தளர்த்தி, சுவர்போல நீட்டிக்கொண்டு நின்றால் போதும். 16 மி.மீ. மட்டை இதற்கென்றே செய்தது போலிருக்கிறது. வேகமாக வரும் பந்து முகத்தில் பட்டதும் உயிர் அடங்கி அப்பால் விழுகிறது. 14 மி.மீ.யில் அதே பந்து நெஞ்சுயரத்துக்கு எழும்பி, எதிரில் நிற்பவருக்கு விருந்தாகிவிடுகிறது. என் ஆட்டத்தில் இந்த ஓர் இடத்தில் கண்ட வேறுபாடு, மற்ற எல்லா வேறுபாடுகளையும் சேர்த்தாலும் அவற்றைவிடப் பெரிது.

இனி 14-இன் பக்கம். கிச்சன் கோட்டில் நால்வரும் நெருங்கி நின்று, யாராவது ஒருவர் பந்தைத் திடீரென வேகப்படுத்தும்போது, அந்த நொடிகளில் கையை வீசுவதற்கு இடமும் இல்லை, நேரமும் இல்லை. மணிக்கட்டின் சிறு சொடுக்கில் எவ்வளவு வேகம் கிடைக்கிறதோ அதுவே கிடைக்கும். அங்கே 14 மி.மீ. மட்டை தன் பங்குக்கு வேகம் சேர்த்துக் கொடுக்கிறது. பின்கோட்டிலிருந்து வேகமாக, நேராக அடிக்கும் டிரைவிலும் அது முன்னால் நிற்கிறது. ஆனால் அங்கே முழுக் கையையும் வீச இடமிருப்பதால், 16-ஐ வைத்திருப்பவர் கொஞ்சம் கூடுதலாக உழைத்து அந்த இடைவெளியை அடைத்துவிட முடியும். ஆகவே 14-இன் உண்மையான ஆதாயம் நீண்ட டிரைவில் இருப்பதைவிடக் கிச்சன் கோட்டில் நடக்கும் அந்தக் குறுகிய கைகலப்பில்தான் இருக்கிறது. கடைக்காரர்கள் பவர் என்று சொல்லும்போது இதை யாரும் சொல்வதில்லை.

பந்து, ஸ்வீட் ஸ்பாட் எனப்படும் முகத்தின் நடுப்பகுதியை விட்டு விலகி ஓரத்தில் படும்போது 14 மி.மீ. மட்டை கையில் திருகிக்கொள்வது தெளிவாகத் தெரிகிறது. 16-இல் அந்தத் திருகல் குறைவு. முகத்தின் ஓரத்தில் பட்ட பந்தும் ஓரளவு நினைத்த திசையிலேயே போகிறது. ஸ்பின்னைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை; அது முகத்தின் சொரசொரப்பைச் சேர்ந்தது, இரண்டிலும் முகம் ஒன்றே. எடையும் அப்படித்தான், இரண்டுமே 230 கிராமை ஒட்டியே இருக்கின்றன. தேன்கூடு பெரும்பாலும் காற்று என்பதால் தடிமன் கூடினால் எடை கூடும் என்று அஞ்ச வேண்டியதில்லை. ஒலியில் வேறுபாடு உண்டு. 14 சற்றுக் கூர்மையாக ஒலிக்கிறது, 16 அடக்கமாக ஒலிக்கிறது. குடியிருப்புகளுக்கு நடுவே மாடியில் கோர்ட் வைத்திருப்பவர்கள், இரவு ஒன்பது மணிக்கு மேல் கீழ்வீட்டுக்காரரின் முகத்தை நினைத்துப் பார்த்தால் இதுவும் ஒரு கணக்குதான்.

யாருக்கு எது என்ற கேள்விக்கு வருகிறேன். 'தொடக்கக்காரருக்கு 16, தேர்ந்தவருக்கு 14' என்று பொதுவாகச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. தேர்ந்த ஆட்டக்காரர்களிலேயே 16-ஐ வைத்திருப்பவர்கள் ஏராளம். அதைவிட, பிக்கிள்பாலுக்கு முன் கையில் என்ன இருந்தது என்று கேட்பதே பயனுள்ளது. டென்னிஸிலிருந்து வருபவர்களுக்கு நீண்ட வீச்சு உடம்பிலேயே ஊறியிருக்கும். வேகம் அவர்களிடம் ஏற்கெனவே மிதமிஞ்சி இருக்கிறது, அதை அடக்கித் தருகிற 16 அவர்களுக்குப் பொருந்தும். சென்னையில் பிக்கிள்பாலுக்கு வருபவர்களில் கணிசமானோர் டேபிள் டென்னிஸ் ஆடியவர்கள். என் மச்சானும் அந்த வகை. அவர்களுக்கு வேலை முழுவதும் மணிக்கட்டில், வீச்சு குறைவு, பந்தை மென்மையாகத் தொடும் பழக்கமும் முன்பே உண்டு. 14-இன் துள்ளலை அவர்களால் ஆள முடிகிறது, அதனால் பயனும் பெற முடிகிறது. பாட்மின்டன்காரர்கள் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறார்கள். இரட்டையர் பாட்மின்டன் கோர்ட்டும் பிக்கிள்பால் கோர்ட்டும் 44-க்கு 20 அடி என்ற ஒரே அளவு என்பதால் அவர்களுக்குக் களம் பழகியது. ஆனால் இறகுப்பந்தை ஓங்கி அடித்த கை, இந்தப் பிளாஸ்டிக் பந்தை மெதுவாக வைக்கக் கற்றுக்கொள்ளும்வரை 16 நல்லது. முன்பு எதுவுமே ஆடாமல் நாற்பது, ஐம்பது வயதில் நேரே இந்த ஆட்டத்துக்கு வருபவர்களுக்கும், முழங்கை வலி உள்ளவர்களுக்கும் தயங்காமல் 16 என்றே சொல்வேன். ஒற்றையர் ஆட்டம் மட்டுமே ஆடுபவர் என்றால் 14 பக்கம் சாயலாம். அங்கே கிச்சன் கோட்டுச் சண்டையும் ரீசெட்டும் குறைவு, பின்கோட்டிலிருந்து ஊடுருவும் பந்துகளே அதிகம்.

இந்த எண்களை வேறு மாதிரிகளுக்கு அப்படியே எடுத்துச் செல்வதில் ஆபத்து இருக்கிறது. தேன்கூட்டுக்குப் பதிலாக முழுக்க நுரையால் ஆன கோர் கொண்ட மட்டைகளும் வருகின்றன. முகத்தைக் கோரிலிருந்து ஓரளவு விடுவித்து, துள்ளலைக் கூட்டும் வகையில் வடிவமைத்த மட்டைகளும் இருக்கின்றன. இவற்றில் 16 மி.மீ. என்று எழுதியிருந்தாலும், நான் இங்கே சொல்லும் 14-ஐவிட அதிகத் துள்ளலோடு இருக்கக்கூடும். ஒரே பொருள், ஒரே கட்டமைப்பு என்ற வரம்புக்குள்தான் தடிமன் பேசும். அந்த வரம்பைத் தாண்டினால் அது பெட்டியின் மேல் அச்சிட்ட ஓர் எண், அவ்வளவே. எழுதியிருப்பது கோரின் தடிமனா, முகத்தகடுகளையும் சேர்த்த மொத்தத் தடிமனா என்பதையும் கேட்டுக்கொள்வது நல்லது.

மட்டை எத்தனை காலம் உழைக்கும் என்பதைப் பற்றி மூன்று வாரத்தில் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் முன்பு நான் வைத்திருந்த அந்த மெல்லிய மட்டை எப்படி முடிந்தது என்பதைச் சொல்லலாம். ஒருநாள் திடீரென்று பந்துகள் வழக்கத்தைவிட வேகமாகப் பறக்கத் தொடங்கின. என் ஆட்டம் முன்னேறிவிட்டது என்று மகிழ்ந்துகொண்டிருந்தேன். முகத்தில் விரலால் அங்கங்கே தட்டிப்பார்த்த நண்பர், நடுவில் மட்டும் ஒலி பொள்ளலாகக் கேட்பதைக் காட்டினார். உள்ளே கண்ணறைகள் நொறுங்கி, முகத்தகடு கோரிலிருந்து பிரிந்திருந்தது. பிரிந்த தகடு கவண்போல் பந்தை எறியும். விதிகளும் அப்படிப்பட்ட மட்டையை அனுமதிப்பதில்லை. புதிய மட்டையை வாங்கிய நாளிலேயே முகமெங்கும் தட்டி ஒலியைக் காதில் வாங்கி வைத்துக்கொண்டால், பின்னால் ஏற்படும் மாற்றம் உடனே தெரியும். ஏப்ரல், மே மாதங்களில் மட்டையைக் காரின் டிக்கியில் விட்டுச் செல்வதையும் தவிர்க்க வேண்டும். உள்ளே இருப்பது பிளாஸ்டிக்கும் பசையும் என்பதை மறந்துவிடுகிறோம்.

14-ஐ வாங்கிவிட்டு, ஓரத்தில் பட்டால் திருகுகிறதே என்று வருந்துபவர்களுக்கு ஒரு வழி உண்டு. மட்டையின் இரு பக்கங்களிலும், கடிகாரத்தில் மூன்று மணியும் ஒன்பது மணியும் இருக்கும் இடங்களில், பக்கத்துக்கு மூன்று கிராம் ஈய நாடா ஒட்டினால் திருகல் நன்றாகவே அடங்குகிறது. விதிகள் இதைத் தடுப்பதில்லை. கை சற்று மந்தமாவது இதற்குக் கொடுக்கும் விலை. ஆனால் எவ்வளவு நாடா ஒட்டினாலும் முகத்தின் துள்ளல் 16-இன் அடக்கத்துக்கு வராது. துள்ளல் பிடித்து, நிலைத்தன்மை மட்டும் போதவில்லை என்றால் நாடா போதும். துள்ளலே தொல்லை என்றால் மட்டையைத்தான் மாற்ற வேண்டும்.

மூன்று வாரம் முடிந்ததும் இரண்டையும் மாறி மாறி வைத்துக்கொள்ளலாம் என்பதே எங்கள் முதல் ஏற்பாடு. நான் 16-ஐ விட்டுக்கொடுக்க மனமில்லாமல், அந்தப் பேச்சை எப்படித் தள்ளிப்போடுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "நீங்களே வச்சுக்கோங்க மாப்ள, எனக்கு இதுவே போதும்" என்று மச்சான் முந்திக்கொண்டார். அவருடைய 14-இல் ஈய நாடா ஒட்டி, அதன்மேல் கறுப்பு டேப்பும் சுற்றி முடித்திருந்தார்.